இடிபாட்டில் கிடைத்த ஆர்டர் காகிதம்

2013 ஏப்ரல் 23. டாக்காவை ஒட்டிய சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களில் பெரிய விரிசல் தெரிந்தது. பார்க்க வந்த பொறியாளர் இதில் ஆள் இருக்கக் கூடாது என்று சொன்னார். உள்ளூர் டிவிக்காரர்கள் வந்து விரிசலைப் படம் பிடித்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, கீழே இருந்த வங்கிக் கிளை திறக்கவில்லை. ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைகளும் பூட்டியே கிடந்தன. மேல்மாடிகளில் இருந்த ஐந்து கார்மென்ட் கம்பெனிகளின் தையல்காரர்கள் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏறத் தயங்கியவர்களிடம், ஏறாவிட்டால் மாதச் சம்பளம் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. ஏறினார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் கரண்ட் போனது. மேல்மாடியில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்றரை நிமிடத்துக்குள் கட்டடம் முழுவதும் தரையில் கிடந்தது. 1,134 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களில் கை கால் இழந்தவர்களும் உண்டு.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது அந்த வங்கிதான். அதே விரிசல், அதே பொறியாளர், அதே எச்சரிக்கை. வங்கி ஒரு நாள் மூடியது. கார்மென்ட் மூடவில்லை. கார்மென்ட்காரன் கல்நெஞ்சன், வங்கிக்காரன் நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது சோம்பேறித்தனமான பதில். ஒரு நாள் மூடினால் வங்கிக்குக் கொஞ்சம் வியாபாரம் போகும். கார்மென்ட்காரனுக்கு என்ன போகும்? அதைப் பார்த்தால்தான் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று புரியும்.

கட்டட முதலாளி அப்போதைய ஆளும் கட்சியில் செல்வாக்குள்ள ஆள். குளத்தைத் தூர்த்த இடத்தில் கட்டியிருந்தார். மேல்மாடிகளை முறையான அனுமதி இல்லாமல் எழுப்பியிருந்தார். கடைகளுக்கென்று கட்டிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்களையும் ஜெனரேட்டர்களையும் ஏற்றவிட்டார். இந்திய எல்லைக்குத் தப்பி வந்தவரை பேனாபோலில் பிடித்தார்கள். அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டடத்துக்குள் தைத்த துணி அவருடையது இல்லையே.

அது யாருடைய துணி என்று கண்டுபிடிக்கத் தொழிற்சங்கத்துக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் இடிபாட்டுக்குள் இறங்கித் தேடினார்கள். சிமென்ட் தூசிக்குள்ளிருந்து லேபிள்களும் ஆர்டர் காகிதங்களும் கிடைத்தன. ப்ரைமார்க், மேங்கோ, பெனட்டன், கனடாவின் ஜோ ஃப்ரெஷ் என்று பெயர்கள் வந்தன. சில கம்பெனிகள் உடனே ஒப்புக்கொண்டன. பெனட்டன் முதலில் எங்களுக்குத் தொடர்பே இல்லை என்றது, காகிதம் வெளியே வந்ததும் சுதியை மாற்றியது. தன் சட்டை எங்கே தைக்கப்படுகிறது என்று இடிபாட்டைக் கிளறித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றால், அந்தத் தொழிலின் லட்சணத்தைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை.

ஆடிட்காரர் வந்துபோன இடம்

இன்னொரு விஷயம் அப்போது பலருக்குத் தெரியாது. ராணா பிளாசாவில் இருந்த ஐந்து கம்பெனிகளில் இரண்டு, துணி வாங்கும் ஐரோப்பிய கம்பெனிகளின், அதாவது பையர்களின், சமூகப் பொறுப்புத் திட்டத்தின்கீழ் வேலைச் சூழல் ஏற்கெனவே ஆடிட் செய்யப்பட்டவை. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது எங்கள் வேலையில் சேராது என்று பிற்பாடு விளக்கம் வந்தது. அந்த விளக்கம் பொய் இல்லை. ஆடிட் பட்டியலில் தீயணைப்புக் கருவி உண்டு, கழிப்பறை எண்ணிக்கை உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. தூண் இல்லை.

இதற்கு ஏழு மாதம் முன்பு, 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலை எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் அடைப்பு. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே கருகினார்கள். மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்தான் தீ வைத்தது என்று பின்னாளில் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வைத்த தீயாக இருந்தாலும், வழி திறந்திருந்தால் ஆள் தப்பித்திருப்பான். அந்த ஆலைக்கு, தீப்பிடிப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேச சான்றிதழ் கிடைத்திருந்தது. நல்ல வேலைச் சூழலுக்கான சான்றிதழ் அது.

அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா பக்கம் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் எரிந்து, குறைந்தது 112 பேர் செத்தார்கள். மணி அடித்தும், ஒன்றுமில்லை போய்த் தையுங்கள் என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அங்கே வால்மார்ட்டின் துணி இருந்தது. அந்த ஆலைக்கு நாங்கள் ஆர்டர் கொடுக்கவில்லை, எங்கள் சப்ளையர் எங்களைக் கேட்காமல் அங்கே கொடுத்துவிட்டார் என்றது வால்மார்ட். இதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரிய ஆர்டரை ஒருவர் எடுப்பார். தேதி நெருங்கும்போது பாதியை இன்னொருவரிடம் தள்ளுவார், அவர் அதில் கொஞ்சத்தைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளுவார். ஆடிட்காரர் முதல் வாசலோடு திரும்பிவிடுவார்.

ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்று என் சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போனவர், பல வருடம், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தார். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஆடிட் வருகிறது என்று ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடுமாம். முதலுதவிப் பெட்டிக்குப் புது பேண்டேஜ் வரும். கட்டிங் மாஸ்டர் கையில், வருடம் முழுக்க அலமாரியில் தூங்கும் இரும்பு வலைக் கையுறை ஏறும். படியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மாயமாகும். இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு லீவு. கார்டு இரண்டு வகை இருக்கும், காட்டுகிற கார்டு ஒன்று, சம்பளம் போடுகிற கார்டு ஒன்று. காட்டுகிற கார்டில் எல்லோரும் எட்டு மணி நேரம்தான் வேலை செய்கிறார்கள். நிஜத்தில் ஒன்றரை ஷிப்டு, சரக்கு அவசரமென்றால் ராத்திரியும்.

ஒருமுறை சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள், ஏதாவது குறை இருக்கிறதா என்று. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போன் பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சித்தி சொன்னீங்க?"

"டீ நல்லாருக்குன்னு சொன்னேன்டா."

சித்தி பொய் சொல்லவில்லை. ஆர்டர் போய்விட்டால் கம்பெனிக்கு வேலை இல்லை, கம்பெனிக்கு இல்லையென்றால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆடிட்டுக்குப் பெரும்பாலும் காசு கொடுப்பதும் கம்பெனிதான். ஒரே ஆலைக்கு ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஆடிட் என்று வருடத்துக்குப் பலமுறை நடப்பதும் உண்டு. பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் ரிசல்ட் எப்படி வரும்?

பன்னிரண்டு சென்ட்

ஆடிட்காரர் எல்லாக் காகிதத்தையும் கேட்பார். கேட்காத ஒரே காகிதம், அவரை அனுப்பியவர் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர். திருப்பூரில் பி.ஓ. என்பார்கள். நான் பார்த்தவரை, இந்தத் தொழிலின் அறம் முழுக்க அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. நடத்தை விதிமுறை என்று பளபளப்பான காகிதத்தில் பையர் அச்சடித்து அனுப்பும் புத்தகத்தில் கிடையாது.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? பீஸ் எண்ணிக்கை, விலை, கப்பலில் ஏற்ற வேண்டிய தேதி. தேதி தவறினால் என்ன ஆகும் என்பதும் இருக்கும். ஒன்று விலையில் தள்ளுபடி, இல்லையென்றால் கம்பெனி தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். 'ஏர்ல போயிடுச்சு' என்று திருப்பூரில் ஒருவர் சொன்னால், அந்த ஆர்டரில் லாபம் போய்க் கையிலிருந்ததும் போய்விட்டது என்று அர்த்தம். பணம், சரக்குப் போய்ச் சேர்ந்து அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்து வரும். அதுவரை நூலுக்கும் சாயத்துக்கும் கரண்டுக்கும் கூலிக்கும் கம்பெனிதான் கடன் வாங்கிப் போட வேண்டும். உலகின் பணக்காரக் கடைகளுக்கு, சாவரிலும் திருப்பூரிலும் இருக்கிற கம்பெனிகள் கடன் கொடுக்கின்றன என்பதுதான் இதன் சாரம்.

இப்போது அந்த வங்கிக்குத் திரும்புவோம். வங்கிக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். ஷிப்மென்ட் தேதி நெருக்கத்தில் இருக்கும் கார்மென்ட்காரனுக்கு ஒரு நாள் என்பது மொத்த ஆர்டரின் லாபமாக இருக்கலாம். நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. விரிசல் விட்ட கட்டடத்தில் ஆளை ஏற்றியது கொலைக்குச் சமம். ஆனால் அந்தக் கணக்கை அவன் மட்டும் போடவில்லை. பாதிக் கணக்கு எங்கோ ஒரு நகரத்தில், விரிசலைப் பார்க்காத ஒருவரால் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

விலைக்கு வருவோம். ராணா பிளாசா சமயத்தில் ஓரூர்க் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் கணக்கு ஒன்று பேசப்பட்டது. வங்கதேசத்தில் தைத்து, கனடாக் கடையில் 14 டாலருக்கு விற்கும் ஒரு சட்டை. துணிக்கும் மற்றப் பொருள்களுக்கும் 3.69 டாலர். கப்பல், போக்குவரத்து 1.03. ஏஜென்டுக்கு 18 சென்ட். ஆலையின் லாபம் 58 சென்ட், இதரச் செலவு 7 சென்ட். தைத்தவர்களின் கூலி, எல்லோருக்கும் சேர்த்து, 12 சென்ட். கூட்டினால் 5.67 டாலர். மிச்சம் கடல் தாண்டிப் போன பிறகு சேர்வது.

பதினான்கில் பன்னிரண்டு சென்ட் என்றால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கூலியை இரண்டு மடங்காக்கினால் சட்டை விலை 14.12 டாலர்தானே ஆகும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பல வருடமாகக் கேட்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏஜென்டும் இறக்குமதியாளரும் கடையும் தங்கள் பங்கைச் சதவீதத்தில் வைத்துப் பார்ப்பவர்கள். அடியில் பன்னிரண்டு சென்ட் ஏறினால், ஒவ்வொரு படியிலும் அதன்மேல் ஒரு சதவீதம் ஏறி, கடைக்கு வரும்போது அது பல மடங்காகியிருக்கும். அதனால் பேரம் பேச உட்காரும்போது மேலே இருப்பவர் அடியில் இருக்கும் சென்டைத்தான் சுரண்டப் பார்ப்பார். துணி விலையைக் குறைக்க முடியாது, பஞ்சு சந்தை அவர் கையில் இல்லை. கப்பல் வாடகையும் அப்படித்தான். வளைகிறது கூலி மட்டும்தான்.

வளைப்பதற்குக் கருவி நிமிடக் கணக்கு. ஒரு சட்டையில் கழுத்துப் பட்டி வைக்க இத்தனை நொடி, கை ஏற்ற இத்தனை நொடி, அடி மடிக்க இத்தனை என்று கூட்டி மொத்த நிமிடம் போடுவார்கள். பையர் அந்த நிமிடத்தில் கொஞ்சம் வெட்டுவார். வெட்டியது லைனில் டார்கெட்டாக வந்து இறங்கும். மணிக்கு மணி போர்டில் எழுதும் எண் அதுதான். ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கும் பெண் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தொண்டையை நனைத்துக்கொண்டு விடுவதும் அந்த எண்ணால்தான். எண்ணை எட்டாதபோது சூப்பர்வைசர் கத்துகிறான். அவனைக் கத்த வைப்பது எது என்று விசாரித்தால் வழி பி.ஓ.வில் போய் முடியும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட சப்ளையர்களில் 39 சதவீதம் பேர் உற்பத்திச் செலவுக்கும் குறைவான விலையில் ஆர்டர் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆடைத் தொழிலில் அது இன்னும் அதிகம். நஷ்டத்தில் ஏன் எடுக்கிறார்கள்? அடுத்த சீசன் ஆர்டரை விடக் கூடாது என்பதற்காக. நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுவார்கள்? ஓவர்டைமில், பி.எஃப்.இல், மாடிப்படியில்.

இது புதிதில்லை

ஸ்வெட்ஷாப் என்ற சொல்லுக்குத் தமிழில் நிலைத்த சொல் ஒன்று இன்னும் அமையவில்லை. வியர்வைக் கடை என்று மொழிபெயர்த்தால் ஜூஸ் கடை மாதிரி ஒலிக்கிறது. அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனிலும் நியூயார்க்கிலும் துணி வியாபாரியிடம் ஆர்டர் எடுத்து, குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் ஆள் வைத்துத் தைத்துக் கொடுத்த இடைத்தரகனைத்தான் முதலில் 'ஸ்வெட்டர்' என்றார்கள். எடுத்த விலைக்கும் கொடுத்த கூலிக்கும் நடுவிலிருக்கும் லாபத்தை ஆளின் வியர்வையிலிருந்து பிழிகிறவன் என்று அர்த்தம். ஆக, கட்டடத்தைக் குறிக்கும் முன் அந்தச் சொல் ஒப்பந்த முறையைக் குறித்தது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற ஆலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குடியேறிக் குடும்பங்களின் இளம் பெண்கள். கதவு பூட்டியிருந்தது. அதன் பிறகு நியூயார்க்கில் ஆலைச் சட்டங்கள் வந்தன என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதிகம் பேசப்படாதது அதற்கடுத்து நடந்தது. ஆர்டர் கொடுப்பவன் ஒருவன், தைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர் வேறொருவன் என்று ஆனதால், காண்ட்ராக்டரோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் கண்டுகொண்டது. கூலி கூட்டச் சொன்னால் அவன் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பான். அதனால் ஆர்டர் கொடுக்கிறவர்களிடமே ஒப்பந்தம் போட்டது. நீ எந்தக் காண்ட்ராக்டரிடம் கொடுக்கிறாய் என்பதை எங்களிடம் சொல்ல வேண்டும், சங்கம் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும், சங்கக் கூலி கட்டுப்படியாகும் விலை கொடுக்க வேண்டும் என்று. அமெரிக்கத் தையல் கூடங்கள் ஓரளவு மனிதர் இருக்கும் இடமாக மாறியதில் அந்த ஒப்பந்தங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு தையல் கடல் தாண்டியது. வங்கதேசத்தின் கதையே அதற்குச் சரியான உதாரணம். பணக்கார நாடுகள் 1974இல் வளரும் நாடுகள் பலவற்றிலிருந்து இவ்வளவு துணிதான் வரலாம் என்று கோட்டா போட்டன. கோட்டா தீர்ந்துபோன தென்கொரியாவின் டேவூ கம்பெனி, கோட்டா பிரச்சினை இல்லாத நாட்டைத் தேடி 1979இல் டாக்காவின் தேஷ் கார்மென்ட்ஸோடு கைகோத்தது. 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப்போய்ப் பழக்கியது. அவர்களில் பலர் பின்னால் சொந்தக் கம்பெனி வைத்தார்கள். இன்று வங்கதேசத்தின் ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஆடைதான், சுமார் 40 லட்சம் பேர் அதில் வேலை செய்கிறார்கள். கடல் தாண்டியபோது மெஷின் வந்தது, நிமிடக் கணக்கு வந்தது. நியூயார்க்கின் ஒப்பந்தம் மட்டும் வரவில்லை.

'இதுவும் இல்லையென்றால்?'

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். வர வேண்டிய வாதமும்கூட. இந்த வேலை கேவலமானதுதான், ஆனால் இது இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு வயல்கூலியோ கட்டாயக் கல்யாணமோதானே என்பார்கள் சில பொருளாதார அறிஞர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வங்கதேசத்தில் கார்மென்ட் ஆலைகள் இருக்கும் பகுதிகளில் பெண்பிள்ளைகள் கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போய், கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சித்தியிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். மகளைக் காலேஜுக்கு அனுப்பியது செக்கிங் டேபிள்தான்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. எத்தியோப்பியாவில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் ஆலை வேலை கொடுத்துப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள். உடம்பு கெட்டதுதான் மிச்சம். ஆக ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும் விஷயம் இது. எப்படியானாலும், வேலை கொடுப்பது நல்லது என்பதிலிருந்து படிக்கட்டைப் பூட்டலாம் என்ற முடிவுக்குப் போக வழியில்லை. இதுவும் இல்லையென்றால் என்று கேட்பவர்கள், பன்னிரண்டு சென்டைப் பதினாறாக்கினால் வேலையே போய்விடும் என்பதுபோலப் பேசுகிறார்கள். 2013க்குப் பிறகு வங்கதேசத்தில் குறைந்தபட்ச மாதக் கூலி, அந்நாட்டு நாணயமான டாகாவில், 3,000இலிருந்து 5,300க்கும், பிறகு 8,000க்கும், 2023 டிசம்பரில் 12,500க்கும் ஏறியது. தொழில் ஓடிப்போகவில்லை, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நின்றது. அந்த 12,500ம் சும்மா வரவில்லை. 23,000 கேட்டுத் தெருவில் இறங்கியவர்களில் நான்கு பேர் செத்தார்கள்.

வாங்காமல் விடுவதும் வழியாகத் தெரியவில்லை. 1993இல் குழந்தைத் தொழிலாளர் தைத்த துணியைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். சட்டமாகவே இல்லை. பயந்துபோன வங்கதேச முதலாளிகள் சுமார் 50,000 பிள்ளைகளை ஒரேயடியாக வெளியே தள்ளினார்கள். அவர்களில் பலர் கல்லுடைக்கவும் அதைவிட மோசமான இடங்களுக்கும் போனதை யுனிசெஃப் பதிவு செய்தது. பள்ளிக்கு வழி செய்த பிறகு வெளியே அனுப்பும் ஒப்பந்தம் 1995இல்தான் வந்தது. முன்பின் மாறிப்போனதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

கையெழுத்துக்குக் கீழே கோர்ட்

ராணா பிளாசாவுக்குப் பிறகு மூன்று வாரத்தில் ஒரு புதிய விஷயம் நடந்தது. 2013 மே மாதம், பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்த பிராண்டுகளும் இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் சேர்ந்து 'அக்கார்ட்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. போகப்போக இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. இதில் மூன்று விஷயம் முக்கியம். பரிசோதிப்பவரை ஆலை நியமிக்காது, அறிக்கை பொதுவில் வரும். பழுதுபார்க்கக் கட்டுப்படியாகும்படி ஆர்டர் விலையைப் பேசுவது பிராண்டின் கடமை. பிராண்ட் ஏமாற்றினால் சங்கம் அதை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம், அந்தத் தீர்ப்பைக் கோர்ட்டில் அமல்படுத்தலாம்.

போன நூற்றாண்டு நியூயார்க் சங்கத்தின் யோசனைதான் இது, வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளில் லட்சத்துக்கு மேல் குறைகள் கண்டார்கள், பெரும்பாலானவை சரியாயின. இரண்டு பிராண்டுகள் ஹேக் நகரின் நடுவர் மன்றம்வரை போக வேண்டியிருந்தது. அதில் ஒன்று 2018இல் 23 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனது. தீ விபத்துச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. வால்மார்ட், கேப் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் அப்போது இதில் சேராமல் தனியாக ஒரு கூட்டணி அமைத்தன. அவர்கள் தயங்கியது கோர்ட் என்ற சொல்லுக்குத்தான். எந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறார்களோ அதில்தான் விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அக்கார்ட் தூணையும் வயரிங்கையும் பார்த்தது. கூலியைப் பார்க்கவில்லை. விலையைப் பற்றிய வரி இருந்தும், அதே வருடங்களில் வங்கதேசத்திலிருந்து அமெரிக்கா போன பருத்தி பேன்ட்டின் விலை 13 சதவீதம் குறைந்ததாக 2018இல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. கட்டடத்தைச் சரிசெய்யும் செலவையும் ஏற்றுக்கொண்டு விலையும் இறங்கினால், எங்கே பிடித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பி.ஓ.வின் இன்னொரு முகமும் தெரிந்தது. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆர்டர்களை பையர்கள் ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்திவைத்தார்கள். வெட்டித் தைத்து மூட்டை கட்டிய சரக்கும் அதில் உண்டு. வெளியே பிரசாரம் கிளம்பிய பிறகுதான் பல கம்பெனிகள் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டன.

சப்ளையர் ஆலைகளில் நடக்கும் கேடுகளைப் பெரிய கம்பெனிகள் கவனித்தே ஆக வேண்டும் என்ற சட்டங்களும் வந்திருக்கின்றன. ராணா பிளாசாவின் அதிர்ச்சியில் பிரான்ஸ் 2017இல் ஒன்று கொண்டுவந்தது, ஜெர்மனி 2023இலிருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றி, மறுவருடமே அதைத் தளர்த்தும் வேலையில் இறங்கியது.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு கையெழுத்து நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில், ஆலையில் பெண்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஈஸ்ட்மேன் வந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படும் வகையில் கையெழுத்திட்டன. லைனில் வேலை செய்கிற பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பழக்கினார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் ஆர்டரில் கைவைக்க வேண்டும். முதல் வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. நம்மூரில் இவ்வளவு காலம் ஒரு குறையும் இல்லை என்று அடித்த ஆடிட் அறிக்கைகளோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டிய எண் அது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர்க்காரர்களிடம் பையர்கள் தள்ளுபடி கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் யாரும் இதனால் ஓவர்டைம் எவ்வளவு கூடும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அது ஆடிட்காரர் கேட்க வேண்டிய கேள்வி, அவர் வேறு டிபார்ட்மென்ட்.

அந்தச் சமயத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கம்பெனிக்குப் போவதில்லை, முழங்கால் வலி. வீட்டிலேயே மூட்டை வாங்கி வைத்துப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார், பீஸ் கணக்கில். திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெளிநாட்டுக்காரனே கையெழுத்துப் போட்டானா?"

"போட்டாங்க சித்தி. பொம்பளைங்ககிட்ட யாராவது வாலாட்டினா ஆர்டர் நின்னுரும்."

"ரேட்டைக் கூட்டிக் குடுக்குறேன்னு போட்டிருக்கானா?"

அது துன்புறுத்தலைப் பற்றிய ஒப்பந்தம், விலையைப் பற்றியது இல்லை என்று விளக்கினேன். சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு, மூட்டையிலிருந்து அடுத்த சட்டையை எடுத்துக் கழுத்தைப் புரட்டினார். லேபிளில் இருந்த விலை டாலரில் இருந்தது. அது எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.